கனரக வாகன ஓட்டுநர் பயிற்சியும் நமது ஜமாஅத்தின் பங்கும்

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்வி, வேலைவாய்ப்புக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

ஆண்டுதோறும் இக்குழுவின் அறிக்கை நோட்டுப் புத்தகம், கல்வி உதவித்தொகை, மாலைநேர வகுப்பு என்னும் வரிசையில் வாசிக்கப்படுவது வழக்கம். அவற்றின் கணக்கு இம்மலரின் பிற்பகுதியில் அச்சாகியுள்ளது. அதை மீண்டும் வாசித்துத் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. இவ்வாண்டு ஒரேயொரு பொருளைப் பற்றிப் பேச அனுமதி கோருகிறோம். அது லாரி ஓட்டும் தொழிலும் அதற்கான பயிற்சியும். அதைத் தொடங்குமுன், அத்துறையில் நாங்கள் செய்த தவறொன்றைச் சபையின்முன் வைப்பது எங்கள் கடமை.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த மூன்று இளைஞர்களுக்குக் கனரக வாகனப் பயிற்சிக் கட்டணத்தைப் பைத்துல்மாலிலிருந்து கர்ளன் ஹஸனாவாக, அதாவது வட்டியில்லாக் கடனாக வழங்கினோம். பணத்தை நேரே பயிற்சிப் பள்ளிக்குச் செலுத்தினோம். அப்பள்ளியை நேரில் சென்று பார்த்தோமா என்றால், இல்லை. மூவருக்கும் உரிமம் வந்தது. ஜும்ஆவுக்குப் பின் வாழ்த்தினோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். பிறகு நடந்ததைச் சிலர் அறிவீர்கள். ஒருவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, குடோன் ஒன்றில் லோடு இறக்குவதற்காக வண்டியைப் பின்னோக்கி எடுத்தபோது தூணில் மோதிவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று மாலையே வேலை போயிற்று. விசாரித்தபோதுதான் தெரிந்தது: பயிற்சிக் காலம் முழுவதிலும் அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்த நேரம் மொத்தம் இரண்டு மணிக்கும் குறைவு. ஒரே வண்டியில் எட்டுப்பேர் ஏறி, ஆளுக்குச் சில நிமிடங்கள். லோடு ஏற்றிய வண்டியை ஒருநாளும் தொட்டதில்லை. இரண்டாமவர் அச்செய்தியைக் கேட்டு அஞ்சி, லாரிப் பக்கமே போகவில்லை. இன்று ஆட்டோ ஓட்டுகிறார். மூன்றாமவர் மட்டும் தொழிலில் நிலைத்தார். அவர் நிலைத்ததற்குக் காரணம் பள்ளியன்று, அவருடைய தாய்மாமன். மாமாவின் வண்டியில் இடப்பக்க இருக்கையில் ஏழு மாதம் அமர்ந்து சென்ற பின்னரே அவர் வலப்பக்கத்துக்கு மாறினார்.

அந்த இடப்பக்க இருக்கையைப் பற்றித்தான் நாங்கள் பேச வந்திருக்கிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. காஞ்சிப் பட்டில் கோர்வை நெய்யும் தறியை இங்கு பார்க்காதவர் இல்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு நெசவாளி ஒருவர் போதாது. தறியின் ஓரத்தில் இன்னொருவர் அமர்ந்து மற்றொரு நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அவ்வாறு ஓரத்தில் அமர்ந்தவர்தான் கண்ணால் பார்த்துப் பார்த்து, கை பழகி, ஒருநாள் தறிக்குள் இறங்கினார். அந்த இடத்தில் சிறுபிள்ளைகளை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தை மறக்கச் செய்தோம் என்பது இவ்வூரின் மீது உள்ள பழி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தொழில் கைமாறிய முறை அதுதான்.

லாரித் தொழிலிலும் அப்படியே. கிளீனராக ஏறியவர் டயர் தட்டிப் பார்க்கவும், தார்ப்பாய் கட்டவும், பின்னால் நின்று சைகை காட்டவும், இரவில் ஓட்டுநர் கண் அயராதபடி பேச்சுக் கொடுக்கவும் கற்றார். ஆளில்லாத சாலையில் ஓட்டுநர் ஒருநாள் இடம்மாறி அமரச் சொன்னார். அது சட்டப்படி சரியன்று. ஆனாலும் அவ்வாறு உருவான ஓட்டுநர்களே நாடெங்கும் லாரிகளை ஓட்டினர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் கிளீனராகத் தொடங்கி லாரிக்கு உரிமையாளரானவர் பலர். வடநாட்டு லாரிகளில் கிளீனர் தம் ஓட்டுநரை 'உஸ்தாத்' என்றுதான் அழைப்பார். மதரஸாவில் நாம் பயன்படுத்தும் அதே சொல்!

அந்த இருக்கை இப்போது காலியாகிவிட்டது. கிளீனருக்குப் படி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று உரிமையாளர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினர். பவர் ஸ்டீயரிங் வந்தது, கேமரா வந்தது, டியூப் இல்லாத டயர் வந்தது. ஒருவரே போதும் என்றாயிற்று. தேசிய பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தாக வேண்டும் என்றிருந்த விதியும் 2018இல் நீக்கப்பட்டது. செலவு குறைந்ததில் மகிழ்ந்த அதே உரிமையாளர்கள், சில ஆண்டுகளில் ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று வருந்தத் தொடங்கினர். இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. நாற்றங்காலை அழித்துவிட்டு நடவுக்கு நாற்று இல்லையே என்றால் எப்படி?

எத்தனை பேர் பற்றாக்குறை? 2019 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையில் ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர்கள் தேவை என்று கூறப்பட்டது. அந்த அறிக்கை எதற்காக வெளியிடப்பட்டது என்பதே நமக்கு முக்கியம். போக்குவரத்து வாகன உரிமம் பெற எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று அதுவரை மோட்டார் வாகன விதிகளில் இருந்தது. ஹரியானாவின் மேவாத் பகுதியில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள்; வறியவர்கள்; ஓட்டுநர் தொழிலை நம்பிப் பிழைப்போர் அங்கு மிகுதி. வண்டி ஓட்டும் திறன் இருந்தும் பள்ளிச் சான்று இல்லாததால் உரிமம் பெற முடியாமல் தவித்த அவர்களுக்காக அந்த நிபந்தனையைத் தளர்த்துமாறு ஹரியானா அரசு கோரியது. நாடு முழுவதற்குமே அந்நிபந்தனை அவ்வாண்டு நீக்கப்பட்டது.

மேவாத் சகோதரர்களுக்கு இது நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் மஹல்லாவில் இச்செய்தி வேறுவிதமாகப் பரவியதைக் கவலையோடு கவனித்தோம். 'இனி லாரி ஓட்டப் படிப்பே வேண்டாமாம்' என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். பெற்றோர் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உரிமம் வாங்கப் படிப்பு வேண்டாம். நல்ல வேலை வாங்கப் படிப்பு வேண்டும். அபாயகரமான சரக்கு, அதாவது எரிவாயு, அமிலம், பெட்ரோல் போன்றவற்றை ஏற்றிச் செல்வோருக்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், தனிப் பயிற்சிச் சான்றும் வேண்டும் என்பது விதி. நம் ஊரிலேயே அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை இருக்கிறது. 2025இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநர், நடத்துநர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கோரியபோது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்பட்டது. வளைகுடா செல்வோரில் பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்னும் முத்திரை விழுகிறது. ஆகவே பத்தாம் வகுப்பு முடிக்காத எவருக்கும் இக்குழு பயிற்சிக் கடன் வழங்காது என்று முடிவு செய்துள்ளோம். முடிக்காதவர் வந்தால் முதலில் தனித்தேர்வு எழுத உதவுவோம். இது கடுமையாகத் தோன்றலாம், பிடிவாதமாகவே இருக்கப்போகிறோம்.

சட்டம் சொல்லும் படிகளையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். போக்குவரத்து வாகனம் ஓட்ட வயது 20 நிறைந்திருக்க வேண்டும். அதற்குமுன் இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்பின்படி, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம். தனி அனுமதி வேண்டியதில்லை. 'சின்ன யானை' ஓட்டும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. ஓரிரு ஆண்டுகள் சிறு வண்டியில் சந்து பொந்துகளில் ஓட்டிப் பழகிவிட்டுக் கனரகத்துக்கு வருவதே நல்லது என்பது எங்கள் கருத்து. அவசரப்பட வேண்டாம்.

இனி, பிற இடங்களில் இதை எவ்வாறு செய்கிறார்கள் என்று பார்ப்போம். தமிழகத்தில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. சாலைப் போக்குவரத்து நிறுவனம் என்பது 1976இல் தோன்றியது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் துணையாகச் சென்னை தரமணியில் இயங்குவது. கும்மிடிப்பூண்டியில் அதன் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி உள்ளது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் நிதியைக் கொண்டு இந்நிறுவனத்தின் வழியாக இளைஞர்களுக்குக் கனரக வாகனப் பயிற்சி அளிக்கப்பட்டது. நிதி ஒரு துறையுடையது, மைதானமும் ஆசிரியரும் மற்றொரு துறையினர். தனியார் துறையில் அசோக் லேலண்டு நிறுவனம் 1990களின் நடுவில் நாமக்கல்லில் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. லாரி விற்கும் நிறுவனம் ஓட்டுநரை உருவாக்க ஏன் முன்வர வேண்டும்? ஓட்டுநர் இல்லாவிட்டால் லாரி விற்காது என்பதால்தான். பின்னர் தில்லியின் புராரி, ஹரியானாவின் கைத்தல் முதலிய இடங்களில் மாநில அரசுகளுடன் கைகோத்து இத்தகைய நிலையங்களை அந்நிறுவனம் நடத்தத் தொடங்கியது.

2021 ஜூலை முதல் மத்திய அரசு 'அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம்' என்னும் புதிய முறையை நடைமுறைப்படுத்தியது. கனரகப் பயிற்சி தரும் மையத்துக்கு இரண்டு ஏக்கர் நிலமும், ஓட்டுதளமும், சிமுலேட்டர் கருவியும் வேண்டும். ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பாடம். அங்கு தேறியவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. நன்றான ஏற்பாடுதான். ஆயினும் 38 மணி நேரம் என்பது தறியில் அமர்ந்தவருக்கு எத்தனை நாள் வேலை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வாரம்கூட ஆகாது. ஜெர்மனியில் லாரி ஓட்டுவது மூன்றாண்டு தொழிற்பயிற்சி. வாரத்தில் சில நாள் பள்ளி, மற்ற நாளெல்லாம் ஒரு நிறுவனத்தின் வண்டியில் வேலை. அந்நிறுவனமே பயிற்சிக் காலத்திலும் ஊதியம் தருகிறது. பள்ளியும் முதலாளியும் சேர்ந்தே ஓட்டுநரை உருவாக்குகிறார்கள்.

பயிற்சி அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. கொரோனாக் காலத்தில் அங்கு ஓட்டுநர் தேர்வுகள் மாதக்கணக்கில் நின்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்தபின் வெளிநாட்டு ஓட்டுநர்கள் பலர் ஊர் திரும்பினர். 2021 அக்டோபரில் பெட்ரோல் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டுசெல்ல இராணுவத்தினரை அழைக்க நேர்ந்தது. செல்வமுள்ள நாடு, கிடங்கில் எரிபொருளும் இருந்தது, ஓட்ட ஆளில்லை.

நம் பக்கத்தைப் பாருங்கள். இங்கிருந்து வாலாஜாபாத் வழியே சென்றால் ஒரகடம். அங்கு 2012இல் டெய்ம்லர் நிறுவனத்தின் லாரி ஆலை திறக்கப்பட்டது. பாரத்பென்ஸ் லாரிகள் அங்கிருந்துதான் நாடெங்கும் போகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனால்ட் நிசான், ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி மின்னணு ஆலைகள், அவற்றுக்கான கிடங்குகள், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் வெள்ளைகேட்டில் பத்து நிமிடம் நின்றால் போதும், எத்தனை மாநிலத்து வண்டிகள் போகின்றன என்று தெரிந்துவிடும். நம் மாவட்டத்தில் லாரி உருவாகிறது. நம் மாவட்டத்தில் சரக்கு உருவாகிறது. ஓட்டுநரை மட்டும் எங்கோ தொலைவிலிருந்து தேடிக்கொண்டுவருகிறார்கள். அவ்வாறு வருவோர் மீது நமக்குக் குறையொன்றுமில்லை. அவர்களும் பிழைக்க வந்தவர்களே. நம் பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு என்பதே நாங்கள் சொல்வது.

இத்தனையும் சொன்னதால் லாரித் தொழிலை நாங்கள் மேன்மைப்படுத்திக் காட்டுவதாக நினைக்க வேண்டாம். இது கடினமான தொழில். சேவ்லைஃப் என்னும் தொண்டு நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பத்து நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களைச் சந்தித்துக் கேட்டிருந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டுகிறார்கள். களைப்போ தூக்கமோ வந்த நிலையிலும் ஓட்டுவதாகப் பாதிப்பேர் ஒப்புக்கொண்டனர். தம் உறவினரை இத்தொழிலுக்கு வரச்சொல்ல மாட்டோம் என்றவர்கள் 84 விழுக்காடு. தொழில் செய்வோரே தம் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லும் தொழிலுக்கு நாம் பிள்ளைகளை அனுப்பலாமா என்று ஒரு சகோதரர் குழுக் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு எங்களிடம் உள்ள விடை இதுதான்: நாம் அனுப்பாவிட்டாலும் அவர்கள் போகத்தான் போகிறார்கள். தறி ஓசை அடங்கிய வீட்டுப் பிள்ளை எங்காவது போயாக வேண்டும். கேள்வி, அவன் கற்றுக்கொண்டு போகிறானா, கற்காமல் போகிறானா என்பதே.

கற்காமல் போனால் விளைவு அவனோடு நிற்பதில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழகமே முதலிடம்: 64,105. ஜனாஸாத் தொழுகைக்கு நாம் தோள் கொடுத்த உடல்களில் சாலையில் மாண்டவை எத்தனை என்பதை இச்சபை அறியும். 2024 ஜனவரியில், விபத்து நடந்தபின் தகவல் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்னும் புதிய சட்டப்பிரிவை எதிர்த்து வடமாநிலங்களில் லாரிகள் நின்றன. புதிய தண்டனைச் சட்டம் அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஓடினால் சிறை, நின்றால் கூட்டத்தின் அடி என்று ஓட்டுநர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இறந்தவரின் வீட்டார் பக்கத்திலும் உண்மை இருக்கிறது.

சிறிது மாற்றமும் வந்துள்ளது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். ஐந்து மணி நேரம் தொடர்ந்து உழைத்தவருக்கு அரை மணி ஓய்வு தரவேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. அது ஏட்டில் இருந்தது. வண்டிக்குள் குளிர் வந்துவிட்டது. ஓட்டுநருக்கு உறக்கம் வரும் நேரத்தில் உறங்க அனுமதி என்று வருமோ தெரியவில்லை.

மார்க்கத்தின் பார்வையில் இத்தொழிலுக்குத் தாழ்வு ஏதுமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றிக்கொண்டு ஷாம் தேசம் சென்றவர்கள். முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது, இலாபம் பங்கு என்னும் அந்தக் கூட்டு முறையே பிற்காலத்தில் முளாரபா என்று சட்டநூல்களில் இடம்பெற்றது. குறைஷியரின் குளிர்காலப் பயணமும் கோடைகாலப் பயணமும் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமாகவே நினைவுகூரப்படுகின்றன. ஓட்டுநர் பயிற்சிக்கும் ஹதீஸில் சான்று உண்டு என்று சொன்னால் வியப்பீர்கள். அன்ஜஷா (ரலி) என்பவர் ஒட்டகங்களைப் பாடி ஓட்டுவதில் வல்லவர். ஒரு பயணத்தில் பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்கள் அவர் பாட்டுக்கு விரைந்தபோது, மேலிருப்போர் கண்ணாடிப் பாத்திரம் போன்றவர்கள், மெல்ல ஓட்டும் என்னும் கருத்தில் நபியவர்கள் அறிவுறுத்தியதை புகாரி, முஸ்லிம் இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. லோடு என்ன என்பதை அறிந்து வேகத்தை அமைப்பது! கனரகப் பயிற்சியின் முதற்பாடமும் அதுவே.

ஆனால் நம் நிக்காஹ் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். தொழில் என்னும் இடத்தில் 'கம்பெனி வேலை' என்று எழுதியிருக்கும். விசாரித்தால் அந்தக் கம்பெனியின் லாரியை ஓட்டுபவராக இருப்பார். 'டிரைவர்' என்று எழுதினால் பெண் கிடைக்காது என்ற அச்சம். மாப்பிள்ளை வீட்டாரைக் குறை சொல்லவில்லை. நாம் அனைவரும் சேர்ந்துதான் அவர்களை அப்படி எழுதவைத்தோம்.

இனி எங்கள் திட்டத்துக்கு வருகிறோம். பணம் கட்டுவது மட்டும் ஜமாஅத்தின் வேலையன்று என்பதைச் சென்ற ஆண்டு கற்றோம். பள்ளி கற்பிக்கலாம், அரசு நிதி தரலாம், உரிமம் தரலாம், லாரி முதலாளி வேலை தரலாம். இம்மூன்றுக்கும் நடுவே, உரிமம் கையில் வந்த நாளுக்கும் தனியே வண்டி எடுக்கும் நாளுக்கும் இடைப்பட்ட அந்தச் சில மாதங்களுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. அங்கேதான் நம் பிள்ளை தூணில் மோதினான். அந்த இடைவெளியே நம் பங்கு.

ஆகவே, முதலாவதாக, எந்தப் பள்ளியானாலும் இக்குழுவினர் இருவர் நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் செலுத்த மாட்டோம். அரசுப் பயிற்சிக்கு இடம் கிடைக்குமானால் அதற்கே முன்னுரிமை. தனியார் பள்ளியெனில் கட்டணத்தில் பாதி முதலிலும், மறுபாதி நம்மவர் ஒருவர் உடன் அமர்ந்து பையன் ஓட்டுவதைச் சோதித்த பின்னரும் தரப்படும். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருவர் இப்பணிக்கு ஒப்புக்கொண்டுள்ளார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. பயிற்சிக்குமுன் கண் பரிசோதனை கட்டாயம். மாலைக்கண் உள்ளதை மறைத்து ஓட்டுவோர் உண்டு. கண்ணாடி அணிந்தால் கேலி செய்வார்கள் என்று கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவோரும் உண்டு.

அடுத்ததுதான் முக்கியம். லாரியோ, பார்சல் வண்டியோ, கண்டெய்னரோ வைத்திருக்கும் நம் ஜமாஅத்தார்களும், அவர்களுக்குத் தெரிந்த பிற சமுதாயத்து உரிமையாளர்களும், ஆளுக்கு ஓர் இடப்பக்க இருக்கையை ஆறு மாதத்துக்குத் தரவேண்டும். பையனுக்கு உணவுப்படி உரிமையாளர் தருவார். அவர் வீட்டுக்கு ஒரு சிறு தொகையை பைத்துல்மால் தரும். மூத்த ஓட்டுநருக்கும் ஏதேனும் தரவேண்டும். கற்றுக்கொடுப்பது வேலை, அதை இலவசமாகக் கேட்கக் கூடாது. பையன் ஆறு மாதத்துக்குள் விட்டுவிட்டு ஓடமாட்டான் என்பதற்கு ஜமாஅத் பொறுப்பு. பையனைச் சட்டத்துக்குப் புறம்பான நேரம் ஓட்டவைக்க மாட்டோம் என்பதற்கு உரிமையாளர் பொறுப்பு. இரண்டையும் தாளில் எழுதி மூவரும் கையொப்பமிட வேண்டும். 'நமக்குள் எழுத்தெல்லாம் எதற்கு?' என்று கேட்பவருக்கு, குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை ஹஜ்ரத் அவர்கள் விளக்குவார்கள்.

ஜகாத் நிதியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்டீர்கள். அது மார்க்க அறிஞர்கள் தீர்க்க வேண்டியது. அதுவரை பொதுநிதியிலிருந்தே செய்கிறோம். உரிமம் பெற்றதும் சொந்த லாரி வாங்க வட்டிக் கடன் எடுக்கலாமா என்றும் இளைஞர்கள் கேட்கிறார்கள். எங்கள் அறிவுரை: ஐந்தாண்டு பிறர் வண்டியை ஓட்டுங்கள். தவணை கட்ட முடியாமல் வண்டியைப் பறிகொடுத்தவர்களின் கதைகள் நம் மஹல்லாவிலேயே இருக்கின்றன. சேமித்தவர்கள் இருவர் மூவராகக் கூட்டு சேர்ந்து பழைய வண்டி ஒன்றை வாங்க முன்வந்தால் அப்போது இக்குழு உடன் நிற்கும்.

தூணில் மோதிய அந்தத் தம்பியைப் பற்றி ஒரு சொல். அவருடைய கடனைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. அவர் ஒப்பவில்லை. வேலை கிடைத்ததும் கட்டுவதாகச் சொல்கிறார். இப்போது கிடைக்கும் முதல் இருக்கை அவருக்கே என்று தீர்மானித்திருக்கிறோம். அவர் தந்தையும் இச்சபையில் இருக்கிறார். தலை குனிய வேண்டியது அவரல்லர், கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டுப் பள்ளியைப் பார்க்காமலிருந்த நாங்கள்.

இருக்கை தர விரும்புவோர் வரும் வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் பெயர் பதிவு செய்யலாம். இச்சபையில் லாரி வைத்திருப்போர் நால்வரை எங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லி அழைக்க மாட்டோம். அலுவலகக் கதவு அஸர் வரை திறந்திருக்கும்.